கொடுமுடியிலிருந்து ஜெமினி வரை: கே.பி. சுந்தராம்பாள் வழித்தடம்

முதல் நாள்: ஈரோடு – கொடுமுடி

நாடகத்திலும் திரையிலும் பாடி நடித்த கே.பி. சுந்தராம்பாளைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் சென்னையில் தொடங்கி அங்கேயே முடித்துவிடுகிறார்கள். அவர் நடித்த படங்களோ பன்னிரண்டை ஒட்டித்தான் வரும். அந்தப் படங்களுக்கு வருமுன்பே குரல் முழுதாக விளைந்துவிட்டது. அது விளைந்த இடங்கள் காவிரிக்கரை, ரயில்பாதை, நாடகக் கொட்டகை. அந்த வரிசையிலேயே போகிறது இந்தப் பயணம்.

ஈரோட்டிலிருந்து கரூர், திருச்சி போகும் பாசஞ்சர் ரயிலில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் கொடுமுடி. இடப்பக்க ஜன்னலைப் பிடித்துக்கொள்ளுங்கள். காவிரி அந்தப் பக்கம்தான் கூடவே வரும். ஈரோடு–கரூர் பேருந்தும் இதே வழிதான். ஆனால் சாலையிலிருந்து ஆறு இவ்வளவு தெரியாது. இந்தப் பயணத்துக்கு ரயில்தான் பொருத்தம். காரணம் நாளைய குறிப்பில்.

கே.பி. என்ற எழுத்துகளில் ஊரும் தாயும் இருக்கிறார்கள்: கொடுமுடி, பாலாம்பாள். 1908 அக்டோபரில் பிறந்த சுந்தராம்பாளையும், அண்ணன் கனகசபாபதியையும், தங்கை சுப்பம்மாளையும் வறுமையோடு போராடி வளர்த்தவர் பாலாம்பாள்தான். தந்தை பெயருக்குப் பதில் தாய் பெயரை முன்னெழுத்தாக நிறுத்தி, அதையே நாடு முழுவதும் சொல்ல வைத்தவர் சுந்தராம்பாள்.

நிலையத்திலிருந்து மகுடேசுவரர் கோயில் நடந்துபோகும் தூரம். சிவன், பெருமாள், பிரம்மா மூவருக்கும் ஒரே வளாகத்தில் சந்நிதி. பிரம்மா இருப்பது வன்னி மரத்தடியில். கொங்கு நாட்டுப் பாடல்பெற்ற தலங்கள் ஏழில் இது ஒன்று. சுந்தரர் நமச்சிவாயப் பதிகம் பாடியது இங்கேதான். பண் பழம்பஞ்சுரம்; இன்று சங்கராபரணத்தில் பாடுகிறார்கள். இந்தப் பதிகத்தை ஓதுவார் குரலில் ஒருமுறை கேட்டுவிட்டு வருவது நல்லது. சொல்லைச் சிதைக்காமல், நெடிலில் மட்டும் குரலை நிறுத்தி, குறிலை வெட்டிவிட்டுப் போகும் முறை அதில் இருக்கிறது. சுந்தராம்பாள் பாட்டில் ஒரு சொல்கூடக் காதுக்குத் தப்பாமல் விழுவதும் இதே முறையால்தான். தமிழ் தெரிந்தவர் யாரும் அவர் பாட்டுக்கு அச்சிட்ட வரிகளைத் தேட வேண்டியதில்லை.

நடை மதியம் சாத்திவிடுவார்கள். மாலையில்தான் மறுபடி திறப்பார்கள். காலை ரயிலில் வந்து முதலில் கோயில், பிறகு ஆறு என்று வைத்துக்கொண்டால் நேரம் வீணாகாது. ஆடிப்பெருக்கில் படித்துறையில் கால் வைக்க இடமிருக்காது. பங்குனி உத்திரத்துக்கு முன்னால் வந்தால் வேறொரு காட்சி கிடைக்கும்: பழநிக்குத் தீர்த்தக் காவடி எடுப்பவர்கள் இங்கே காவிரித் தண்ணீரை மொண்டு, கால்நடையாகக் கிளம்புவார்கள். கொடுமுடிக் குழந்தை ஒன்றுக்கு முருகன் பாட்டு எங்கிருந்து வந்தது என்று வேறு எங்கும் தேட வேண்டாம்.

ஆற்றில் இறங்கும்போது கவனம். மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்ட நாட்களில் ஓட்டம் கரையிலிருந்து தெரிவதைவிட வேகமாக இருக்கும், பள்ளங்களும் உண்டு. மேட்டூர் அணை கட்டி முடிந்தது 1934இல்தான் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். சுந்தராம்பாளின் சிறுவயதில் இது தடுப்பே இல்லாத ஆறு. அக்கரைக்குக் குரல் கொடுக்க வேண்டுமென்றால் அந்த இரைச்சலைத் தாண்டித்தான் கொடுத்தாக வேண்டும்.

பிற்காலத்தில் வசதி வந்தபோதும் ஊரை விடவில்லை. இங்கே தன் பெயரில் ஒரு திரையரங்கம் கட்டினார். காந்தி வந்தபோது தங்கத் தட்டில் உணவு பரிமாறினார் என்றும், “சாப்பாடு மட்டும்தானா, தட்டு இல்லையா?” என்று காந்தி கேட்டதும் தட்டையே கொடுத்துவிட்டார் என்றும் ஒரு கதை இந்தப் பக்கம் வழிவழியாகச் சொல்லப்படுகிறது.

இரண்டாம் நாள்: கரூர்

கொடுமுடியிலிருந்து கரூர் ரயிலில் அரைமணி சுமார். இந்தச் சிறிய தூரத்துக்குள்தான் சுந்தராம்பாள் நாடகத்துக்கு வந்த கதை நடக்கிறது. அதை இரண்டு விதமாகச் சொல்வார்கள். ரயிலில் பாடிக் காசு வாங்கிய சிறுமியை, ரயில்வே அதிகாரியும் நாடகக்காரருமான எஃப்.ஜி. நடேச ஐயர் கேட்டு அடையாளம் கண்டார் என்பது ஒன்று. கரூரில் காவல்துறை அதிகாரி ஒருவர் பாட்டைக் கேட்டு, வேலு நாயர் நாடகக் கம்பெனியில் சேர்த்துவிட்டார் என்பது மற்றொன்று. இரண்டையும் பொருத்திப் பார்க்க முயல்வதைவிட, இரண்டிலும் பொதுவாக இருப்பதைப் பிடித்துக்கொள்வது மேல்: பத்து வயதுக்குள், முறையான சங்கீதப் பயிற்சி இல்லாமல், கேட்ட உடனே பெரியவர்களை நிறுத்தி வைத்த குரல். முதலில் கிடைத்த வேடங்களில் ஒன்று நல்லதங்காளின் பசித்த பிள்ளை. ஆண்பிள்ளை வேடம்.

ஓடும் ரயிலில் பாடுவது எப்படிப்பட்ட பயிற்சி என்பதை இன்றைக்கும் பாசஞ்சர் பெட்டியில் உட்கார்ந்து தெரிந்துகொள்ளலாம். தண்டவாளச் சத்தம் முழுக்கக் கீழ் ஸ்தாயியில் இருக்கிறது. அதோடு மோதினால் குரல் மூழ்கிவிடும். அதற்கு மேலே ஏறினால்தான் பெட்டியின் கடைசி வரை கேட்கும். தொண்டையை இறுக்கிக் கத்தினால் பத்து நிமிடத்தில் கட்டிவிடும். வாயைத் திறந்து, வயிற்றிலிருந்து மூச்சை விட்டு, மேல் ஸ்தாயியில் நிற்கத் தெரிந்தால் நாள் முழுக்கப் பாடலாம். சுந்தராம்பாளின் குரல் இரண்டாவது வகை. அறுபது வயதைத் தாண்டியும் அது உடையாததற்கு இதுதான் காரணமென்று நினைக்கிறோம்.

கரூரில் அமராவதிக் கரையும் பசுபதீசுவரர் கோயிலும் பார்த்துவிட்டு, மாலைக்குள் மதுரை ரயிலைப் பிடித்துவிடலாம். திண்டுக்கல் வழியாக நேராகப் போகும் இந்தப் பாதை 1988இல்தான் வந்தது. நாடகக் காலத்தில் கரூரிலிருந்து மதுரைக்கு ரயிலில் போகத் திருச்சியைச் சுற்ற வேண்டும்.

மூன்றாம் நாள்: மதுரை

இன்று ஊர் பார்ப்பதைவிடக் காது தீட்டுவதுதான் வேலை.

சுந்தராம்பாள் வளர்ந்த மேடைக்கு ஸ்பெஷல் நாடகம் என்று பெயர். கம்பெனி நாடகத்தில் எல்லோரும் ஒரே குழுவில் சம்பளம் வாங்கி, ஒத்திகை பார்த்து நடிப்பார்கள். ஸ்பெஷல் நாடகத்தில் ராஜபார்ட் (கதாநாயகன்) ஓர் ஊர், ஸ்திரீபார்ட் (கதாநாயகி) வேறோர் ஊர், பபூன் (கோமாளி), ஆர்மோனியம், மிருதங்கம் எல்லாம் தனித்தனியாகப் பேசிக் கூட்டி வருவது. சந்திப்பதே அன்று இரவு மேடையில்தான். ஒத்திகை கிடையாது. அப்படியும் நாடகம் நடக்கிறது என்றால், எல்லோருக்கும் ஒரே பாடம் மனப்பாடம் என்பதால். வள்ளி திருமணம், கோவலன், பவளக்கொடி என்று அந்தப் பாடத்தை எழுதிக் கொடுத்தவர் சங்கரதாஸ் சுவாமிகள். 1918இல் மதுரையில் பாலர் சபையைத் தொடங்கியவரும் அவரே. 1922இல் மறைந்தார். சுந்தராம்பாள் தலைமுறை அவர் பாட்டைத் தின்று வளர்ந்த தலைமுறை.

பார்க்க விரும்பினால் பங்குனி முதல் ஆடி வரை மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டை, திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் கோயில் திருவிழா நோட்டீஸ்களைப் பாருங்கள். ‘வள்ளி திருமணம்’ என்று அச்சிட்டு, கீழே நடிகர்கள் பெயர் இருக்கும். இரவு பத்து மணிக்குத் தொடங்கும். முதலில் ஆர்மோனியக்காரர் பக்திப் பாட்டு பாடுவார், பிறகு பபூன், அதன்பின் ஆட்டக்காரப் பெண்ணோடு அவர் அடிக்கும் லூட்டி. வள்ளி வரவே நள்ளிரவு நெருங்கிவிடும், விடியும்போது கல்யாணம். பலரும் பபூன் காட்சியோடு எழுந்துவிடுகிறார்கள். அப்படி எழுந்தால் வந்த காரியமே கெட்டது. வள்ளிக்கும் வேலனுக்கும் நடக்கும் தர்க்கம்தான் நாடகத்தின் உயிர். அது பின்னிரவில் வருகிறது. பாய் கொண்டுபோங்கள். குழாய் ஒலிபெருக்கிக்கு நேரெதிரே உட்காராதீர்கள். மேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் ஒலிபெருக்கி இல்லாத குரலும் கொஞ்சம் காதில் விழும்.

தர்க்கத்தில் சிக்கல் சுருதியில் வருகிறது. ஆர்மோனியத்தின் முதல் வெள்ளைக் கட்டையை ஆதார சுருதியாக வைத்தால் ஒரு கட்டை. ஐந்தாவது வெள்ளைக் கட்டையை வைத்தால் ஐந்து கட்டை. அதற்கு அடுத்த கறுப்பு, ஐந்தரை. கச்சேரியில் ஆண்கள் ஒன்று முதல் இரண்டு கட்டையில் பாடுவார்கள், பெண்கள் ஐந்தை ஒட்டி. நாடகத்தில் இருவரும் மாறி மாறிப் பதிலுக்குப் பதில் பாட வேண்டும், ஆர்மோனியமோ ஒன்றுதான். ஒருவருக்குச் சௌகரியமான சுருதி மற்றவரைக் கொன்றுவிடும். பல ஜோடிகள் தோற்றது நடிப்பால் இல்லை, இதனால்தான். ஒலிபெருக்கி வராத காலத்தில் இன்னொரு நெருக்கடியும் உண்டு: சுருதி தாழ்ந்தால் கொட்டகையின் கடைசி பெஞ்சுக்குக் கேட்காது. பெண்ணின் சுருதியிலேயே எட்டிப் பாடும் ஆண் ஒருவர் கிடைத்தால்தான் தர்க்கம் சமமாக நடக்கும். அப்படி ஒருவர் செங்கோட்டையில் பிறந்திருந்தார்: எஸ்.ஜி. கிட்டப்பா.

அவரைச் சுந்தராம்பாள் சந்தித்த இடத்துக்கு மட்டும் இந்தப் பயணத்தில் போக முடியாது. கொழும்பு. தமிழ் நாடகக்காரர்களுக்கு அன்று அது வெளியூர்க் கேம்ப்தான். சிறுமியாக இருந்தபோதே சுந்தராம்பாள் அங்கே போய் நடித்திருக்கிறார். 1914இல் பாம்பன் பாலம் திறந்தபின் போட் மெயிலில் தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார், மறுபடி ரயிலில் கொழும்பு. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடிப் பாதையைத் தின்றுவிட்டது.

நான்காம் நாள்: செங்கோட்டை

ஈரோட்டிலிருந்து மதியம் கிளம்பும் ரயில் கரூர், திண்டுக்கல், மதுரை, திருநெல்வேலி, தென்காசி வழியாகச் செங்கோட்டை வந்து சேர்கிறது. மதுரையில் இறங்கி நிற்க விரும்பாதவர்களுக்கு மாறாமல் வர இது வசதி. ஆனால் சேரும்போது நள்ளிரவு ஆகிவிடும். அறையை முன்னமே பேசி வையுங்கள். சென்னையிலிருந்து நேராக வருபவர்களுக்குப் பொதிகை எக்ஸ்பிரஸ். ஜூன் முதல் குற்றாலச் சீசன். டிக்கெட்டும் அறையும் அப்போது சீக்கிரம் தீர்ந்துவிடும். சாரல் முக்கியமில்லை என்பவர்கள் ஜனவரி, பிப்ரவரியில் வரலாம்.

எஸ்.ஜி. கிட்டப்பா 1906 ஆகஸ்டில் பிறந்தபோது செங்கோட்டை சென்னை மாகாணத்தில் இல்லை. திருவிதாங்கூர் சமஸ்தானத்து ஊர். 1956 நவம்பர் 1 மொழிவழி மாநிலப் பிரிவில்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. கிட்டப்பா அதைப் பார்க்கவில்லை. வாஞ்சிநாதன் ஊரும் இதுதான் என்பதால் வருபவர்கள் அவர் சிலையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். கிட்டப்பாவையும் கேளுங்கள்.

சிறுவயதிலேயே சகோதரர்களோடு மேடையேறி, கன்னையா கம்பெனியின் தசாவதார நாடகத்தில் பரதனாகப் பெயர் வாங்கியவர். 1926இல் கொழும்பில் சுந்தராம்பாளோடு சேர்ந்து நடித்தார். அடுத்த ஆண்டு மாயவரத்தில் (இன்றைய மயிலாடுதுறை) திருமணம். கிட்டப்பாவுக்கு அது இரண்டாவது மணம். முருகனாக அவர், வள்ளியாக இவர். நந்தனார் நாடகத்தில் வேதியராக அவர், நந்தனாராக இவர். மேடையில் அந்த ஜோடி பாடியதைக் கேட்க ஊர் ஊராக ஜனம் திரண்டது. காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி இருவரையும் காங்கிரஸ் மேடைக்கு அழைத்து வந்தார். கதர், காந்தி பாட்டு, தேர்தல் பிரசாரம் எல்லாம் அதன்பின். வீட்டுக்குள் வாழ்க்கை அவ்வளவு இசைவாக இல்லை. பிரிவும் கோபமும் கடிதங்களுமாகப் போயிற்று. 1933 டிசம்பர் 2, கிட்டப்பா இறந்தார். வயது 27. சுந்தராம்பாளுக்கு 25.

தமிழ்ப் பேசும்படம் 1931இலேயே வந்துவிட்டது. இருந்தும் கிட்டப்பா எந்தப் படத்திலும் நடிக்கவில்லை. எஞ்சியவை நிமிடத்துக்கு 78 முறை சுழலும் இசைத்தட்டுகள் மட்டும். பத்தங்குலத் தட்டின் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம், கூடினால் இன்னும் அரை நிமிடம். மேடையில் அரைமணி விரிந்த பாட்டை அதற்குள் அடைத்திருக்கிறார்கள். அதனால்தான் அந்தப் பதிவுகளில் எடுத்த எடுப்பிலேயே மேல் ஸ்தாயிக்குப் பாய்கிறார். ஆலாபனை என்று ஒரு வீச்சு, உடனே பல்லவி. இதை வைத்து ‘அவசரப் பாட்டு’ என்று முடிவுகட்டுவது தவறு.

இன்னொரு எச்சரிக்கை, இணையத்தில் கேட்பவர்களுக்கு. தட்டு சுழலும் வேகம் கொஞ்சம் மாறினாலும் சுருதி மாறும். 78க்குப் பதில் 82, 83 சுற்று ஓடினால் ஐந்து கட்டை ஐந்தரையாகக் கேட்கும். “கிட்டப்பா இத்தனை கட்டையில் பாடினார்” என்று ஒரே பதிவை வைத்துச் சத்தியம் செய்யக் கூடாது. ஒரே பாட்டின் இரண்டு மூன்று பதிவேற்றங்களை ஒப்பிடுங்கள். கமகம் (ஸ்வரத்தின் அசைவு) நடுங்குவதுபோலவும், ச, ஸ ஒலிகள் விசில்போலவும் கேட்டால் வேகம் கூடியிருக்கிறது. உச்சரிப்பு இயல்பாகும் இடத்தில் நிறுத்தி ஆர்மோனியத்தை அழுத்திப் பாருங்கள். அப்படிப் பார்த்தாலும் ஆணின் வழக்கமான சுருதிக்கு வெகு மேலேதான் நிற்கிறார். சுந்தராம்பாளின் அதே காலத் தட்டுகளை அடுத்துப் போட்டால், இரண்டு குரலும் ஒரே உயரத்தில் தோளோடு தோள் நிற்பது தெரியும்.

அவர் போனபின் சுந்தராம்பாள் வெள்ளைக் கதரும் திருநீறுமாக ஆனார். எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று உறுதி எடுத்தார்; கடைசி வரை மாறவில்லை. அவருடைய சினிமா வாழ்க்கை முழுதும் இந்த உறுதிக்குப் பின்னால் வருகிறது. பட வரிசையைப் படிக்கும்போது இதை மறந்தால் எதுவும் புரியாது.

ஐந்தாம் நாள்: மயிலாடுதுறை – பூம்புகார்

செங்கோட்டையிலிருந்து காலையில் கிளம்பும் மயிலாடுதுறை ரயில் சங்கரன்கோவில், ராஜபாளையம், விருதுநகர், மதுரை, திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணம் என்று நாடகக் கம்பெனிகள் முகாமிட்ட ஊர்களையெல்லாம் கோத்துக்கொண்டு மாலையில் சேர்க்கிறது. பகல் முழுதும் போய்விடும். தண்ணீரும் சாப்பாடும் கையில் இருக்கட்டும். மயிலாடுதுறையில் தங்கி, மறுநாள் விடிந்ததும் பூம்புகார் பேருந்து, 25 கிலோமீட்டருக்குள்தான்.

1964இல் வந்த ‘பூம்புகார்’ படத்தில் சுந்தராம்பாள் கவுந்தி அடிகள். கதை வசனம் மு. கருணாநிதி, இயக்கம் ப. நீலகண்டன். இன்று இங்கே நிற்கும் ஏழுநிலைச் சிலப்பதிகாரக் கலைக்கூடம் படம் வந்தபோது இல்லை, 1973இல் திறந்தது. சீரமைப்பு வேலை நடந்துவந்ததால், திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். கடலில் குளிக்க வேண்டாம், இழுப்பு மோசம்.

படத்துக்கு மூலமான சிலப்பதிகாரத்தில் கவுந்தியின் தவப்பள்ளி காவிரிக்கரையில், புகாருக்கு மேற்கே. கோவலனையும் கண்ணகியையும் அழைத்துக்கொண்டு உறையூர் வழியாக மதுரைப் புறஞ்சேரி வரை நடந்து, இடைக்குல மாதரியிடம் அடைக்கலமாக ஒப்படைக்கும் சமணத் துறவி. வேடம் சமணம், நடித்தவர் பழுத்த சைவர். எழுதியவர் திராவிட இயக்கத் தலைவர், நடித்தவர் காங்கிரஸ் மேடைக் குரல். இந்த இழுபறி ஒரு பாட்டிலேயே தெரியும். கோவலன் கொலையுண்டபின் வரும் பாட்டில் ‘தெய்வம் எங்கே போயிற்று’ என்று கேட்கும் வரியைப் பாட அவர் மறுத்தார் என்றும், தெய்வம் வந்துவிட்டது என்று பொருள் வரும்படி கருணாநிதி மாற்றிக் கொடுத்தார் என்றும் சொல்வார்கள். படத்தில் இருப்பது மாற்றிய வரிதான். எங்கள் மதிப்பில் படத்தைத் தூக்கி நிறுத்துவது இந்தக் குரல். வசனத்தின் அடுக்குமொழி ஒவ்வொருவர் வாயில் ஒவ்வொரு மாதிரி விழுகிறது. சுந்தராம்பாள் வாயில் அது நாடகப் பாட்டின் தொகையறாபோல (தாளமில்லாமல் பாடும் முன்வரிகள்) ஆகிவிடுகிறது.

நேரமிருந்தால் காரைக்கால் போய்வரலாம். ஏ.பி. நாகராஜனின் 1973 படத்தில் இளம் புனிதவதி லட்சுமி, பேயுருவான அம்மையார் சுந்தராம்பாள். ஆனிப் பௌர்ணமியில் இங்கே மாங்கனித் திருவிழா. கூட்டத்துக்குத் தயாராகப் போங்கள்.

ஆறாம் நாள்: சென்னை

அண்ணா மேம்பாலத்தை இன்னும் ஜெமினி என்றுதான் ஊர் சொல்கிறது. பாலம் 1973இல் வந்தது, பெயர் எஸ்.எஸ். வாசனின் ஸ்டுடியோவிலிருந்து. அந்த இடத்தில் இன்று நட்சத்திர ஹோட்டல் நிற்கிறது. ‘ஔவையார்’ (1953) இங்கிருந்துதான் வந்தது. இயக்கம் கொத்தமங்கலம் சுப்பு.

இங்கே நின்று படவரிசையை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். 1935இல் அசந்தாஸ் தயாரித்த ‘பக்த நந்தனார்’. சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். தங்கம் சவரன் முப்பது ரூபாய்க்குக் கீழே இருந்த காலம். அந்த லட்சத்தை வாங்கிய வேடம் ஆண் வேடம். எதிரே வேதியராக மகாராஜபுரம் விசுவநாத ஐயர். மேடையில் கிட்டப்பாவுக்கு எதிரே போட்ட அதே நந்தன். 1940இல் ‘மணிமேகலை’: துறவி. பிறகு ஔவை: கல்யாணத்திலிருந்து தப்பப் பிள்ளையாரிடம் வேண்டி இளமையைத் துறந்தவள். பிறகு கவுந்தி, ‘திருவிளையாட’லில் மறுபடி ஔவை, காரைக்கால் அம்மையார். தமிழ் இலக்கியத்தில் ஆணுக்கு ஜோடியாக நிற்காத பெண்கள் யார் யார் உண்டோ, அத்தனை பேரையும் திரையில் நிறுத்தியவர் இவர். ஜோடி இல்லாத நடிகைக்கு வேடமே கிடைக்காத தொழிலில், உறுதியை விடாமல் உச்சச் சம்பளத்தில் இருந்தார்.

1951இல் மேலவை உறுப்பினர். இந்தியாவில் திரைத்துறையிலிருந்து சட்டமன்றத்துக்குள் போன முதல் ஆள் என்று இவரைத்தான் சொல்கிறார்கள். அந்த மேலவை 1986இல் கலைக்கப்பட்டது. செயின்ட் ஜார்ஜ் கோட்டையிலிருந்து நடந்தே ராஜா அண்ணாமலை மன்றம் வந்துவிடலாம். 1966இல் இசைப்பேரறிஞர் பட்டம் கொடுத்த தமிழ் இசைச் சங்கத்தின் அரங்கம் அது. ‘துணைவன்’ படப் பாட்டுக்கு 1969ஆம் ஆண்டின் தேசிய விருது, 1970இல் பத்மஸ்ரீ. மறைந்தது 1980இல்.

புதிதாகப் பார்க்கத் தொடங்குபவர்கள் ‘திருவிளையாடல்’ (1965) காட்சியில் ஆரம்பியுங்கள். மாம்பழத்துக்குக் கோபித்துப் பழநிக்குப் போன முருகனைச் சமாதானப்படுத்தும் இடம். அதன்பின் ‘ஔவையார்’ முழுப்படம். தொலைக்காட்சியில் பாட்டுகளை வெட்டிவிடுவார்கள். வெட்டினால் மிஞ்சுவது கோட்டையை யானைகள் முட்டி உடைக்கும் காட்சிதான். நீளம் குறையாத பதிப்பாகத் தேடுங்கள். பிறகு ‘பூம்புகார்’, ‘துணைவன்’, ‘காரைக்கால் அம்மையார்’. இசைத்தட்டுகளைக் கடைசியில் கேளுங்கள், கிட்டப்பாவுடையதையும் சேர்த்து, ஹெட்போன் இல்லாமல், அறையின் மறுகோடியில் உட்கார்ந்து.